‘இன்னும் கொஞ்சம் சொல்லு’ என்ற ஜமீலா டீச்சர்

ஜமீலா டீச்சர் காலமான செய்தி அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில் எனக்குக் கிடைத்தது. திருத்திய கட்டுரைத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பொன்னேரி போகும் வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பேருந்தைப் பிடித்து, காலை வகுப்புக்குப் போவது என் வழக்கம். எங்கள் பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஐஸ் கடை ரவி ஒரு வரி போட்டிருந்தார். ‘மேடம் நோ மோர் சார்.’

அந்தக் குழுவில் ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். ரவி எங்கள் மாணவர்கூட இல்லை. டீச்சர் வீட்டு மாடியில் மையம் நடந்தது, கீழே ரவியின் ஐஸ் கடை. பயிற்சித் தேர்வு நேரத்தில் ஐஸ் உடைக்கும் மிஷினை நிறுத்தச் சொல்வதற்காக அவரையும் குழுவில் சேர்த்திருந்தோம். அப்படிப்பட்டவருக்கும் அன்று சட்டத்தை மீற மனம் வரவில்லை. மற்றவர்களும் ஆங்கிலத்திலேயே அழுதார்கள். ஒருவர் கைப்பழக்கத்தில் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு உடனே அழித்தார். இன்னொருவர் நான் கற்றுக்கொடுத்த அமைப்பில் முழுக் கடிதமே எழுதியிருந்தார். அனுப்புநர், பெறுநர், பொருள்: தங்கள் மரணம் தொடர்பாக. அது அலுவலகக் கடிதத்துக்கான அமைப்பாயிற்றே, உறவினருக்கு எழுதும் அமைப்பையல்லவா எடுத்திருக்க வேண்டும், நான் சரியாக விளக்கவில்லையோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி வந்து, நின்று, போய்விட்டது. அதன் பிறகுதான் எனக்குக் கண்ணீர் வந்தது.

டீச்சரைப் பற்றி எழுதும்படி பழைய மாணவர்கள் என்னைக் கேட்டபோது, வேறு யாராவது எழுதட்டுமே என்றுதான் முதலில் சொன்னேன். நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எழுதத் தெரியும். ஆனால் அவரைப் போல ஒருவரை எழுத்தில் நிறுத்த என்னால் முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம். இருந்தாலும் அவருடன் ஒரே அறையில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் நான் ஒருவன்தான். குறை இருந்தால் அவரை அறிந்த நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அறியாத சிலருக்காகச் சில வரிகள். டீச்சர் பழவேற்காட்டின் பழைய வணிகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். கணவருடன் நீண்ட காலம் மஸ்கட்டில் இருந்தார். அங்கே ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. கணவர் மறைந்த பின் ஊர் திரும்பி, வெளிநாட்டு வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். நர்சுகள், கப்பல் வேலைக்குப் போகும் பையன்கள், கணவரிடம் போய்ச் சேரவேண்டிய மனைவிகள் என்று பலரும் வந்தார்கள். தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் ஒன்பது வரை. படிப்பதும் எழுதுவதும் என் பொறுப்பு. பேச்சு அவருடையது. கேட்டல் வகுப்பு யாருடையது என்று கேட்டால், “அது ரவியோட மிஷின் எடுக்குது” என்பார்.

அது உண்மைதான். மிஷினை நிறுத்தச் சொல்லித்தான் ரவியைக் குழுவில் சேர்த்தோம். ஆனால் படகுகள் கரை சேரும் நேரத்தில் ஐஸ் கேட்டு வருகிறவர்களை நிறுத்த முடியுமா? ஒலிப்பதிவில் ஓர் ஆங்கிலப் பெண்மணி நூலகத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பார். கீழே பாறை உடைவதுபோல் சத்தம் எழும்பும். நான் பதறிப்போய்ப் பதிவை நிறுத்துவேன். டீச்சர் மறுபடி ஓட விடுவார். “இந்தச் சத்தத்துல கேட்டவங்களுக்கு அங்க எறும்பு நடக்கறதும் கேக்கும் சார்” என்பார். மாணவர்கள் கேட்டலில் நன்றாகவே மதிப்பெண் வாங்கினார்கள். ஒரே ஒருவர் மட்டும் தேர்வு மையத்தில் ஏ.சி. அறையும் அமைதியும் சேர்ந்து தூக்கம் வந்துவிட்டது என்று மறுதேர்வு எழுத வேண்டியிருந்தது.

என் இலக்கணப் பற்றை அவர் மதித்தார் என்று சொல்ல மாட்டேன். வினைச்சொற்களின் காலங்களை நான்கு நிற மையில் எழுதி, பெரிய அட்டையில் ஒட்டி எடுத்துப் போனேன். இரண்டு வாரம் உழைத்துச் செய்தது. மறுநாள் அது மேற்கு ஜன்னலில் வெயிலுக்கு மறைப்பாகத் தொங்கியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கோச்சுக்காதீங்க சார். இலக்கணம் சட்டைப் பொத்தான் மாதிரி. ஒண்ணு கழண்டா யாரும் பாக்கறதில்ல. சட்டையே இல்லாம போனாதான் பாப்பாங்க. நம்ம பிள்ளைங்களுக்கு மொதல்ல சட்டை வேணும்” என்றார். அட்டை அங்கேயேதான் இருந்தது. மாலை வெயிலில் இறந்தகாலம் மட்டும் வெளுத்துப்போனது.

பேச்சுத் தேர்வுக்கு அவர் வைக்கும் ஒத்திகை ஊருக்கே தெரிந்த ஒன்று. மஸ்கட்டில் வாங்கிய கறுப்புக் கோட்டைப் புடவைக்கு மேல் போட்டுக்கொள்வார், அக்னி நட்சத்திரத்திலும். மேசைக்குப் பின்னால் பரீட்சைக்காரர் நாற்காலி. மாணவர் கதவைத் தட்டி உள்ளே வர வேண்டும். அவர் சிரிக்க மாட்டார். “பயம் இங்கயே தீந்துடணும்” என்பது அவர் கணக்கு. ஒருமுறை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். மாணவர் திணறியதும் எனக்குப் பொறுக்கவில்லை. கேள்வியைக் கேட்டு, பதிலையும் நானே சொல்லி, நன்றியும் சொல்லி அனுப்பினேன். டீச்சர் பேச முடியாமல் ஒரு தாளில் எழுதி என் முன்னால் வைத்தார். ‘உங்களுக்கு எட்டு மதிப்பெண். வந்தவனுக்கு ஒண்ணுமில்லை.’

இனிக் கௌரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீச்சரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த விவகாரம்தான்.

கௌரி லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண். அப்பா ஏழுமலை ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கௌரி பொன்னேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. ஒரே நிபந்தனை, இந்தத் தேர்வில் ஒவ்வொரு பகுதியிலும் ஏழு வேண்டும். மற்ற மூன்றிலும் ஏழும் அதற்கு மேலும் வாங்கினாள். பேச்சில் மட்டும் ஆறரை. மறுபடி எழுதினாள். மறுபடி ஆறரை. மூன்றாவது முறையும் வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று முகவர் சொல்லிவிட்டார். அவள் வீட்டில் வெளிநாட்டு வேலையைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாருக்கும் மூச்சு விடவில்லை. ஆனால் அவள் அம்மா வாரம் ஒருமுறை கீழே ஐஸ் கடை வாசலில் வந்து நின்று மாடியைப் பார்த்துவிட்டுப் போவார்.

நான் என் வழக்கப்படி அவளுடைய பிழைகளைத் தொகுத்தேன். பிழைகளே அதிகம் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. டீச்சர் ஒத்திகை வைத்தார். நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் தருகிறேன்.

உங்கள் ஊரில் மக்கள் என்ன தொழில் செய்கிறார்கள்?

மீன்பிடி.

எங்கே போய்ப் பிடிப்பார்கள்?

கடலில்.

கடலில் எந்தப் பக்கம்?

எங்காவது.

என்ன மீன் கிடைக்கும்?

கிடைப்பது கிடைக்கும்.

உங்கள் எதிர்காலத் திட்டம் என்ன?

இந்தக் கேள்விக்கு அவள் பதிலே சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என் அட்டையைப் பார்த்தாள்.

டீச்சர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். “இன்னா கௌரி இது? மீன் எந்தப் பக்கம் இருக்குனு சொன்னா பரீட்சைக்காரன் வலைய எடுத்துக்கினு வந்துடுவானா?”

“பழக்கம் மேடம்” என்றாள் கௌரி. கண் கலங்கியிருந்தது. “யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுனு நைனா சொல்வாரு. எங்க போனோம், எவ்ளோ கெடச்சுது, நாளைக்கி எங்க போறோம், எதுவுமே. கேள்வினு வந்தாலே வாய் தானா மூடிக்குது.”

இதை அறியாதவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் பாடு முறை உண்டு. இன்று இந்த இடம் இவருக்கு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். கடலில் அப்படி இல்லை. நல்ல இடம் ஒன்று அகப்பட்டால் அதை வாய்விட்டுச் சொல்கிறவர் மறுநாள் அங்கே பத்துப் படகுகளைப் பார்ப்பார். கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று கேட்பதே ஆகாது. கேட்டால் வீட்டுக்குத் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, சிறிது உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். இப்படி வளர்ந்த பெண்ணிடம், முன்பின் தெரியாத ஒருவர், நீ அடிக்கடி போகும் இடத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு, நாளை என்ன செய்யப்போகிறாய் சொல் என்கிறார். இரண்டு தடவையும் அதே கதி.

“அப்ப பொய் சொல்லு” என்றார் டீச்சர்.

நான் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். “டீச்சர், தேர்வில் பொய் சொல்லச் சொல்வது...”

“பரீட்சைக்காரன் உண்மையா கேக்கறான் சார்? பேச்சுதான் கேக்கறான். நீங்க காலேஜுல வருஷா வருஷம் பண்ணையில் ஒரு நாள்னு கட்டுரை எழுத வெச்சீங்களே, எந்தப் பிள்ள பண்ணைக்குப் போச்சு?”

அவர்களில் ஒருவரும் போனதில்லை. நானும் போனதில்லை.

கௌரிக்குப் பொய்யும் வரவில்லை. “உங்க நைனா அப்போ இன்னா பண்றாரு, வாயே தொறக்கறதில்லயா?” என்று டீச்சர் கேட்டார். கௌரி முதல்முறையாகச் சிரித்தாள். “அவரா? அவரு வாயத் தொறந்தா நிறுத்தவே மாட்டாரு மேடம். எல்லாம் பொய். எங்களுக்குத்தான் அந்த உரிம இல்ல. உனக்குப் பொய் சொல்ல வராது, மாட்டிக்குவ, நீ வாய மூடு போதும்னுட்டாரு.”

மறுநாள் காலை டீச்சர் என்னையும் கௌரியையும் லைட்ஹவுஸ் குப்பத்துக் கரைக்கு அழைத்துப் போனார். கூடவே ரவி. ரவியின் மச்சானுக்கும் படகு உண்டு, ஆகவே ரவி கேட்டால்தான் ஏழுமலைக்குப் பொய் ஊறும் என்பது டீச்சரின் ஏற்பாடு. படகு கரையேறியது. கூடைகளில் நல்ல இறால். ஏலம் முடிந்ததும் ரவி ஐஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனார்.

“இன்னா மாமா, இறால் அள்ளிக்கினு வந்துட்ட? எந்தப் பக்கம்?”

“அத ஏன்டா கேக்கற” என்று ஏழுமலை படகின் ஓரத்தில் உட்கார்ந்தார். “வடக்கால போலாம்னுதான் கெளம்பனோம். இஞ்சின் பாதில இருமிச்சு. சரி, தெக்கால திருப்புடானேன். தெக்கால பாத்தா தண்ணியே இல்ல, அல்லாம் சொறி மீனு. வலயத் தொட்ட கை இன்னும் அரிக்குது, பாரு. ரெண்டு தபா வீசனோம், ஒண்ணுமில்ல. மூணாவது தபா தூக்கறோம், ஒரு பழைய செருப்பு. அதும் ஒத்த செருப்பு. திரும்பிப் போலாம்னு கூட வந்த இவன் அழறான். அப்ப ஒரு வெள்ளக் கப்பல் போச்சு. அது போன அலையில எங்கயோ கெடந்த இறாலு தானா வந்து உயுந்துது. எடம்லாம் ஒண்ணுமில்லடா, அந்தக் கப்பல் திரும்பி வந்தாதான் உண்டு.”

டீச்சர் கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு நிமிஷம் தாண்டிடுச்சு!” என்று கூவினார். நான் அதற்குள் என்னையறியாமல் மதிப்பெண் போடத் தொடங்கியிருந்தேன். நோக்கத்தைச் சொல்கிறார், தடையைச் சொல்கிறார், காரணம் காட்டுகிறார், உதாரணம் தருகிறார், உணர்ச்சியைச் சேர்க்கிறார், முடிவுரையும் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. தேர்வு நடத்துகிறவர்கள் எதிர்பார்க்கும் அமைப்பு அப்படியே இருந்தது. எட்டரை போட்டேன்.

ஏழுமலை என்னைக் கவனித்துவிட்டார். “டீச்சரம்மா, யாரு இவரு? எம் பொய்ய எழுதி எடுத்துக்கறாரு?”

“அது வாத்தியாரு அண்ணே. உங்க பொண்ணுக்குப் பாடம் வேணும்ல.” டீச்சர் கௌரியின் பக்கம் திரும்பினார். “கேட்டியா? இப்ப இத இங்கிலீஷ்ல சொல்லு. ஒத்த செருப்போட.”

கௌரி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “சொல்லு, சொல்லு. இங்கிலீஷ்ல சொன்னா ரவிக்குப் புரியவா போவுது” என்றார். அப்படி அவருடைய அனுமதியும் கிடைத்தது. முதல் நாள் நான்கு வாக்கியத்தில் நின்றாள். “இன்னும் கொஞ்சம் சொல்லு” என்றார் டீச்சர். ஐந்தாவது வந்தது. “இன்னும் கொஞ்சம்.” கப்பலுக்கு ஒரு பெயர் வந்தது. கப்பலின் தலைவருக்கு ஒரு தாடி வந்தது.

அடுத்த சில வாரங்கள் எங்கள் மையம் பொய்க் கிடங்காகிவிட்டது. கௌரிக்கு ஒரு போலீஸ்கார அண்ணன் உருவானார். அவருக்குக் குதிரை ஏறத் தெரியும். மற்ற மாணவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஒருவர் புயலில் நடுக்கடலில் பிறந்ததாகச் சொன்னார். பிறந்தது பொன்னேரி அரசு மருத்துவமனையில். தாமதமாக வந்த ஒருத்தி அதற்குச் சொன்ன காரணத்தில் ஒரு திமிங்கிலம் இருந்தது. நான் எதை நம்புவது என்று தெரியாமல் எல்லோரையும் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சருக்கு ஆனந்தம். “பாத்தீங்களா சார், எல்லாரும் வாயத் தொறந்துட்டாங்க. மூடறதுக்கு அப்புறம் வேற சென்டர் வெப்போம்.”

தேர்வு நாளன்று நான் பழவேற்காடு பேருந்து நிலையத்தில் இருந்தேன். பேச்சுத் தேர்வு சென்னையில், மதியம். கௌரி அம்மாவோடு வந்து ஏறினாள். டீச்சரும் வழியனுப்ப வந்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு நாக்கு அரித்தது, அடக்கிக்கொண்டேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்றாலும் சீட்டுக் கிழிக்க இடம் தெரிய வேண்டுமல்லவா? அந்த ஊர்ப் பெண்கள் கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் “பொன்னேரி ஒண்ணு” என்று சொல்லிவிடுவார்கள். அன்று கண்டக்டர் புதியவர். பின்பக்கமாக வந்து கௌரியிடம் கேட்டார். “எங்கம்மா போவணும்?”

கௌரியின் அம்மா எழுந்து அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

“நான் டிக்கெட்டுக்குக் கேட்டேன்மா!” என்றார் கண்டக்டர்.

“டிக்கெட்டுக்குக் கேட்டாலும் கேட்டதுதான்” என்றார் அம்மா. “வா, ஊட்டுக்குப் போய்த் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு.”

“ரயில் போய்விடும்” என்று நான் முனகினேன். யாருக்கும் கேட்கவில்லை. என்னிடம் ரயில் நேர அட்டவணை இருந்தது. அடுத்த பேருந்தில் போனால் சென்னை வண்டி கிடைக்காது. அதற்கடுத்த வண்டியில் போனால் தேர்வு அறை மூடியிருக்கும். அதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல அட்டவணையை விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்த பார்வையில் மடித்து வைத்துக்கொண்டேன்.

டீச்சர் வாதாடவில்லை. அதுதான் எனக்கு வியப்பு. மூட நம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “சரிம்மா, தண்ணி குடிக்கட்டும். வீட்டுக்குத் திரும்பணும், அவ்ளோதானே? எங்க வீடும் வீடுதான்” என்று கௌரியை அழைத்துப் போய், ஐஸ் கடையை ஒட்டிய தன் வீட்டுப் படியில் உட்காரவைத்தார். சொம்பில் தண்ணீர் வந்தது. எல்லோரும் அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மாவின் முகம் தெளிந்தது. பிறகு டீச்சர் ரவியைக் கூப்பிட்டார்.

“ரவி, வண்டிய எடு. வாயத் தொறந்து ஒரு கேள்வி கேட்ட, ஐஸ் மிஷின ஏரில தள்ளிடுவேன்.”

கௌரி மீன் ஏற்றும் குட்டி லாரியில், ரவிக்குப் பக்கத்தில் ஏறினாள். டீச்சர் கதவோரம் உட்கார்ந்தார், அம்மாவும் நானும் நின்றுவிட்டோம். எங்கே போகிறோம் என்று ரவிக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் டீச்சரின் கையைப் பார்க்க, டீச்சர் விரலை நீட்ட, அப்படியே பொன்னேரி வரை போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் ஐஸ் உருகி வழிநெடுகச் சொட்டியது. ரயில் கிடைத்தது.

மாலையில் திரும்பி வந்தவளிடம் டீச்சர் ஓடிப்போய்க் கேட்டார். “இன்னா கேட்டாங்க?”

“ஏதோ கேட்டாங்க மேடம்.”

“நீ இன்னா சொன்ன?”

“ஏதோ சொன்னேன் மேடம்.”

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எத்தனை முறை கேட்டும் அதற்கு மேல் வரவில்லை. முடிவு வந்தபோது பேச்சில் ஏழரை. கௌரி டீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏழுமலை ஒரு கூடை சங்கரா மீன் கொண்டுவந்து, எங்கே கிடைத்தது என்று நான் கேட்காமலேயே ஒரு கதை சொன்னார். கௌரி இங்கிலாந்துக்குக் கிளம்பிய அன்று எல்லோரும் பேசாமல் நின்று கையசைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவள் திருத்தணிக்குப் போவதாகத்தான் நினைத்தார்கள்.

சென்ற வாரம் அதிகாலையில் தூக்கத்திலேயே டீச்சரின் மூச்சு நின்றிருக்கிறது. அன்று மாலையே அடக்கம். வீடு நிறைய மாணவர்கள். ரவி மிஷினை ஓடவிடவில்லை. படகுக்காரர்கள் வந்து ஐஸ் கேட்காமல் சும்மா நின்றார்கள். ஏழுமலை என் பக்கத்தில் நின்றார். அவரும் அன்று எதுவும் பேசவில்லை.

மறுநாள் கௌரி இங்கிலாந்திலிருந்து அழைத்தாள். நீண்ட நேரம் இருவரும் அழுதோம். பிறகு அவள், “சார், பரீட்சைல இன்னா கேட்டாங்கனு மேடம் அத்தன தபா கேட்டாங்க. நான் சொல்லவே இல்ல சார்” என்றாள்.

“இப்போது சொல்லேன் அம்மா.”

“உனக்கு ஒத்தாச பண்ண ஒருத்தரப் பத்திச் சொல்லுனாங்க. போலீஸ் அண்ணனத்தான் ரெடியா வெச்சிருந்தேன். வாயத் தொறந்தா மேடம் வந்துட்டாங்க. பொய்யே தேவப்படல. உண்மையே அவ்ளோ நீளம் இருந்துச்சு. போதும்னு அவங்களா நிறுத்தனாங்க.”

“என்ன சொன்னாய்?”

“நான் ரெண்டாவது தபா ஃபெயிலானதும் மேடமே போய் அந்தப் பரீட்சைய எழுதனாங்க சார். மெட்ராஸ்ல. அங்க போய்ப் பிள்ளைங்களுக்கு இன்னாதான் ஆவுதுனு பாக்கணும்னு. பேச்சு ரூமுல போய் உக்காந்தா, பேரு கேட்டதுக்கு மறந்துடுச்சாம். பாஸ்போர்ட்டத் தொறந்து பாத்துப் படிச்சாங்களாம். உங்க ஊரப் பத்திச் சொல்லுங்கன்னதுக்குத் தண்ணினு ஒரு வார்த்த. அதுக்கப்புறம் ஒண்ணும் வரலயாம். ஆறு மார்க்கு சார். என்னவிட அர மார்க்கு கம்மி. ரிசல்ட்ட போன்ல எடுத்துக்கினு ஆட்டோல எங்க ஊட்டுக்கு வந்து காமிச்சாங்க. பாரு, நீ என்னவிட பரவால்ல, நாளைக்கி வகுப்புக்கு வானு.”

நான் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“உங்களாண்ட மட்டும் சொல்லக் கூடாதுனு சத்தியம் வாங்கிக்கினாங்க. சாருக்கு நான்தான் தைரியம், இது தெரிஞ்சா மனுஷன் பயந்துபோய் நாளைலேர்ந்து வர மாட்டாருனு.”

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நேற்று எங்கே போயிருந்தீர்கள் டீச்சர் என்று மறுநாள் காலை நான் கேட்டேன். சென்னையில் தங்கை மகளின் நிச்சயதார்த்தம் என்றார். மாப்பிள்ளை வீட்டார் பிரியாணியில் உப்புக் குறைந்ததையும், அதைச் சொன்ன மாமா சாப்பிடாமல் எழுந்ததையும், அவரைச் சமாதானப்படுத்த ஐஸ்கிரீம் வாங்கி வர ஆள் போனதையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் சொன்னார். நான் ஒரு சொல்லைக்கூடச் சந்தேகப்படவில்லை. சொல்லி முடித்ததும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கதவு தட்டப்பட்டது. நடுங்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். டீச்சர் அவளுடைய பெயரைக் கேட்டார். அவள் சொல்லும் வரை, வழக்கத்தைவிட அதிக நேரம், அவளையே பார்த்தபடி காத்திருந்தார்.

தன் பெயரை மறந்துவிட்டு வந்தவர் மறுநாள் காலையில் இன்னொருத்தியின் பெயரைக் கேட்டுக் காத்திருந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் காலை ஒன்றுதான். திங்கட்கிழமை பேச்சு வகுப்பு இருக்கிறது. நான் வருகிறேன் என்று குழுவில், ஆங்கிலத்தில், எழுதிவிட்டேன்.